கம்ஃபர்ட் ஸ்டேஷன் எந்தப் பக்கம்?

கிழக்கேகோட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கும் வெளியூர்க்காரர் முதலில் தேடுவது கோட்டையைத்தான். போர்டில் 'ஈஸ்ட் ஃபோர்ட்' என்று போட்டிருக்கிறது. கண்டக்டரும் 'கிழக்கேகோட்ட, கிழக்கேகோட்ட' என்று கூவித்தான் இறக்கிவிட்டிருக்கிறார். ஆனால் கண்ணில் படுவதோ வரிசை தப்பி நிற்கும் பஸ்கள், ஆட்டோக்கள், காந்தி பூங்கா, எதிரே சாலைக் கடைத்தெருவுக்குள் முண்டியடிக்கும் கூட்டம். அகழி இல்லை. கொத்தளம் இல்லை. பீரங்கி முழக்கத்துக்குப் பதில் பழவங்காடிப் பிள்ளையார் கோயிலில் தேங்காய் சிதறும் சத்தம் கேட்கிறது.

நிதானமாகப் பார்த்தால் வெள்ளையடித்த ஒரு நுழைவாயில் தெரியும். அதற்குள் நுழையும் தெரு மேத்தன் மணியையும் பத்மதீர்த்தக் குளத்தையும் கடந்து பத்மநாபசுவாமி கோயிலுக்குப் போகிறது. அந்த வாசல்தான் கிழக்கேகோட்டை. கோயிலுக்கு மறுபுறம் இதேபோல ஒரு 'படிஞ்ஞாறே கோட்ட' உண்டு. ஆங்கிலத்தில் 'வெஸ்ட் ஃபோர்ட்'. வரைபடத்தைப் பார்க்கும் டூரிஸ்ட் இந்த ஊரில் இரண்டு கோட்டைகள் இருப்பதாக நினைத்தால் அவர்மேல் தப்பில்லை. இருந்தது ஒரே கோட்டை. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் மன்னர்கள் கோயிலைச் சுற்றி எழுப்பியது. அதன் வாசல் ஒவ்வொன்றையும் ஊர்க்காரர்கள் 'கோட்டை' என்றே சொல்லப் பழகிவிட்டார்கள். எல்லாவற்றுக்கும் உச்சம் 'வெட்டிமுறிச்ச கோட்டை'. மதிலை வெட்டித் திறந்த வழிக்கு அந்தப் பெயர். உடைத்த இடத்துக்கும் கோட்டை என்றே பெயர் வைக்க ஒரு துணிச்சல் வேண்டும்.

'கோட்டை' என்ற சொல் இங்கே வாசல் என்ற பொருளுக்கு நகர்ந்துவிட்டது. உள்ளே இருக்கும் பகுதிக்கு வேறு பெயர்: கோட்டைக்ககம். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் இந்தச் சங்கடங்களுக்குள் போகவில்லை. சொல்லுக்குச் சொல் வைத்து 'ஈஸ்ட் ஃபோர்ட்' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். கிழக்கு சரி, கோட்டையும் சரி, இரண்டும் சேர்ந்த பிறகுதான் தவறு.

'கிழக்கே' என்பதிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. தமிழில் 'கிழக்கே' என்றால் கிழக்குத் திசையில் என்று அர்த்தம். 'கிழக்கே கோட்டை' என்று மதுரைக்காரர் காதில் விழுந்தால் 'அங்கே கிழக்காலே போனால் கோட்டை வரும்' என்றுதான் கேட்கும். மலையாளத்தில் அது வெறும் அடைமொழி. கிழக்கே நட, தெக்கே நட என்பதுபோல. சொல்லின் வேர் இன்னும் சுவாரஸ்யமானது. கீழ் என்பதிலிருந்து கிழக்கு, மேல் என்பதிலிருந்து மேற்கு. தமிழ்நாட்டில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழ்கிறது. கேரளத்தில் தலைகீழ்: கிழக்கில் மலை, மேற்கில் கடல். ஆனாலும் மலை இருக்கும் பக்கத்துக்கு 'தாழ்ந்த பக்கம்' என்ற பெயரே நிலைத்துவிட்டது. 1856-ல் வெளிவந்த தன் ஒப்பிலக்கணத்தில் கால்டுவெல் இதை எடுத்துக்காட்டி வாதம் செய்தார். மேற்குக்கு மட்டும் மலையாளி 'படிஞ்ஞாறு' என்கிறார். படுகின்ற ஞாயிறு. இதைவிடத் தமிழான சொல்லைத் தமிழர்களே இன்று பயன்படுத்துவதில்லை.

கோட்டை இல்லாத 'கோட்டை' திருவனந்தபுரத்தின் தனிச்சொத்தும் அல்ல. மும்பைத் தமிழர்கள் நாள்தோறும் 'ஃபோர்ட்'டுக்கு ஆபீஸ் போகிறார்கள். அந்தக் கோட்டையின் மதில்கள் 1860-களில் இடிக்கப்பட்டன. அதன் வாசல்களில் ஒன்று, தேவாலயத்துக்குப் போகும் வழியில் இருந்ததால் 'சர்ச்கேட்'. அது நின்ற இடத்தில் 1864-ல் ஃப்ளோரா நீரூற்று வந்துவிட்டது. பெயரை மட்டும் ரயில்வே ஸ்டேஷன் எடுத்துக்கொண்டது. அங்கே இறங்கும் லட்சக்கணக்கானவர்களில் சர்ச்சையோ கேட்டையோ தேடுபவர் யாரும் இருக்கமாட்டார். கொழும்பில் ரயில் ஏறுமிடம் 'கோட்டை'. அங்கும் மதில்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே போய்விட்டன. சென்னையிலோ உண்மையான கோட்டை இருக்கிறது. ஆனால் 'கோட்டையைப் பிடிப்போம்' என்று மேடையில் முழங்கும் தலைவர் 1640-களின் கற்சுவரைக் குறிவைப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

தமிழனுக்குக் கோட்டை என்பது இன்னும் பலது. நாஞ்சில் நாட்டிலும் திருநெல்வேலிச் சீமையிலும் 21 மரக்கால் நெல் ஒரு கோட்டை. அந்த அளவு விதை விதைக்கும் வயலும் ஒரு கோட்டை விதைப்பாடு. வைக்கோலால் இறுக்கிக் கட்டிய விதைப் பொதியும் கோட்டை. நிலாவைச் சுற்றி வளையம் தெரிந்தால் 'கோட்டை கட்டியிருக்கிறது, மழை வரும்' என்பார்கள். மனத்தில் கட்டினால் மனக்கோட்டை. கைக்கு வந்ததைத் தவறவிட்டால் கோட்டை விட்டான். இவற்றுக்குள் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் குழம்புவதில்லை. 'பரீட்சையில் கோட்டை விட்டான்' என்று கேட்டு, அவன் அப்பாவுக்கு எத்தனை கோட்டை சொந்தம் என்று யாரும் விசாரிப்பதில்லை.

அதே பிள்ளை ஆங்கிலத்தில் ஒரு கூட்டுச்சொல்லைக் கண்டால் வியர்த்துவிடுகிறான். வகுப்பில் சொல்லிக்கொடுத்த வழி ஒன்றே ஒன்று: சொல்லை இரண்டாக உடை, இரண்டுக்கும் அகராதி பார், ஒட்டு. ஒட்டினால் வருவது பெரும்பாலும் நகைச்சுவை. 'கோல்ட் கம்ஃபர்ட்' என்பதை 'குளிர்ந்த வசதி' என்று ஒட்டினால் ஏ.சி. அறையில் போய் நிற்கும். ஆனால் அதன் பொருள் எதற்கும் உதவாத ஆறுதல். இழவு வீட்டில் 'எல்லாம் நன்மைக்கே' என்று சொல்லிவிட்டுப் போகிறவர் தருவது அது. தவறாக ஒட்டியவனைப் பார்த்து வகுப்பு சிரிக்கும்போது, அவனுக்கு ஆங்கிலம் வரவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவன் என்றால் அவனே முடிவுகட்டிக்கொள்கிறான்.

'ஃபோர்ட்' குடும்பத்தைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால், அந்தச் சிரிப்பு எவ்வளவு அநியாயம் என்று தெரியும். லத்தீனில் 'ஃபோர்ட்டிஸ்' என்றால் வலிமையானது. அதிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது ஃபோர்ட். ஃபோர்ட்ரஸ் பெரிய கோட்டை. 'ஃபோர்ஸ்' அதே வேர்: போலீஸ் ஃபோர்ஸ், ஏர் ஃபோர்ஸ். உள்ளிருக்கும் வலிமையை வெளியே எடுத்தால் 'எஃபர்ட்', முயற்சி. ஒருவருக்கு எது கைவந்த கலையோ அது அவருடைய 'ஃபோர்ட்டே'. இசையில் அதே சொல் இத்தாலிய வேஷத்தில் வந்தால் உரக்க வாசி என்று பொருள். 'மெல்லவும் உரக்கவும்' வாசிக்க முடிந்த கருவி என்பதால் பியானோஃபோர்ட்டே என்று பெயர் வைத்தார்கள். உலகம் சோம்பேறித்தனமாக உரக்க என்ற பாதியை உதிர்த்துவிட்டு, 'மெல்ல' என்ற பாதியை மட்டும் வைத்துக்கொண்டது. ஒரு கச்சேரி மண்டபத்தையே அதிரவைக்கும் வாத்தியத்துக்கு 'மெல்ல' என்று பெயர்!

உறவுக்காரர்போல வந்து உட்காரும் அந்நியர்களும் உண்டு. 'ஃபோர்ட்நைட்' என்பதில் கோட்டையும் இல்லை, கோட்டையில் கழித்த இரவும் இல்லை. ஃபோர்ட்டீன் நைட்ஸ், பதினான்கு இரவு. அது தேய்ந்து ஃபோர்ட்நைட் ஆயிற்று. 'ஃபார்ச்சூன்' வலிமையால் வருவதில்லை. தற்செயல் என்ற வேறொரு லத்தீன் சொல்லின் மகள்.

இந்தக் குடும்பத்தில் அதிக தூரம் பயணம் செய்தவர் 'கம்ஃபர்ட்'. ஆரம்பத்தில் அதற்கு வலுவூட்டுதல் என்று பொருள். தளர்ந்தவனை நிமிர்த்துவது. பிறகு ஆறுதல் ஆயிற்று. அதன் பிறகு சொகுசு. கிங் ஜேம்ஸ் பைபிளில் பரிசுத்த ஆவிக்கு 'கம்ஃபர்ட்டர்' என்று பெயர். தமிழ் வேதாகமம் அதைத் 'தேற்றரவாளன்' என்று அழகாகச் சொன்னது. அமெரிக்கக் கடையில் இன்று கம்ஃபர்ட்டர் கேட்டால் பஞ்சு அடைத்த போர்வையை எடுத்துப் போடுவார்கள். நம் ஊர் மளிகைக் கடையிலோ கம்ஃபர்ட் என்றால் துணி துவைத்த பின் வாளியில் ஊற்றும் நீலத் திரவம்.

கேரளத்தின் பஸ் நிலையங்களிலும் சந்தைகளிலும் இதே சொல் இன்னொரு சொல்லோடு சேர்ந்து போர்டாகத் தொங்குகிறது: 'கம்ஃபர்ட் ஸ்டேஷன்'. பெரும்பாலும் மலையாள எழுத்தில். மலையாளிக்கு அதில் யோசிக்க எதுவும் இல்லை. பொதுக் கழிப்பிடம் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

தோவாளையிலிருந்து பூ மூட்டையோடு சாலைக் கடைத்தெருவுக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளலாம். விடியுமுன் வீட்டை விட்டுக் கிளம்பியவர். மூட்டையை இறக்கி, பேரம் பேசி முடித்து, திரும்பிப் போகும் பஸ்ஸுக்கு நிற்பதற்கு முன் அவருக்கு ஓர் இடம் தேவைப்படுகிறது. பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவர்; தமிழ் வாசிப்பார், ஆங்கில எழுத்தைக் கூட்டிப் படிப்பார். மலையாளம் பேசுவார், ஆனால் வாசிக்கத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதிய போர்டு கிடைத்தாலும் என்ன பயன்? கம்ஃபர்ட் தெரியும், நீலப் பாக்கெட். ஸ்டேஷன் தெரியும், ஒன்று ரயில் நிற்கும், இல்லாவிட்டால் போலீஸ் இருக்கும். இரண்டையும் ஒட்டிப் பார்த்து அதற்குள் நுழைய யாருக்குத் தைரியம் வரும்? தேடி வந்த இடத்தின் முன்னாலேயே நின்று தேடிக்கொண்டிருப்பார்.

அவருடைய பாட்டிக்கு இந்தச் சங்கடத்தில் பாதி இருந்திருக்காது. தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவனந்தபுரமும் ஒரே மகாராஜாவின் கீழ் இருந்தன. 1938 பிப்ரவரியில் திருவிதாங்கூர் அரசு பஸ் விட ஆரம்பித்தபோது முதலில் ஓடியதே கன்னியாகுமரிச் சாலையில்தான். 1956 நவம்பர் 1-ம் தேதி அந்த நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நியாயமான போராட்டத்தின் நியாயமான முடிவு. ஆனால் அதே சாலையில் களியக்காவிளையைத் தாண்டியதும் போர்டுகளின் எழுத்து மாறுகிறது. பேச்சு அவ்வளவு சீக்கிரம் மாறுவதில்லை. கிழக்கேகோட்டையிலும் சாலையிலும் கரமனையிலும் தமிழ் கேட்காத நாளில்லை. எழுத்துத்தான் சுவர். அந்தச் சுவரில் ஆங்கிலச் சொல் ஒரு வாசலாக இருக்கலாம், சரியான சொல்லாக இருந்தால்.

கம்ஃபர்ட் ஸ்டேஷன் என்பது கேரளம் கண்டுபிடித்தது அல்ல. அமெரிக்க நகரங்கள் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெருவோரக் கழிப்பிடங்களுக்கு வைத்த பெயர். நியூயார்க் பூங்காக்களில் இன்றும் அதுதான் அலுவல் பெயர். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் சொல்வதற்கு எல்லா மொழியும் இப்படி ஒரு திரை வைத்திருக்கிறது. தமிழ் இலக்கணக்காரர்கள் அதற்கு ஒரு பெயரே கொடுத்துவிட்டார்கள்: இடக்கரடக்கல். 'கால் கழுவி வந்தேன்' என்பது உரையாசிரியர்கள் காலத்திலிருந்து பள்ளிப் புத்தகம் வரை வரும் உதாரணம். ஒதுங்கப் போனேன், கொல்லைக்குப் போனேன், வெளிக்குப் போனேன் எல்லாம் அந்த வகைதான். இதில் ஒரு விசித்திரம், நாம் நாகரிகமாகச் சொல்லவேண்டுமென்று இரவல் வாங்கிய ஒரு சொல் கொஞ்சமும் நாகரிகமில்லாதது. 'கக்கூஸ்' டச்சுக்காரர்கள் விட்டுப்போனது. அதுவும் கூட்டுச்சொல்தான்: 'காக்' என்றால் மலம், 'ஹைஸ்' என்றால் வீடு. ஒளிவுமறைவே கிடையாது. தமிழிலும் மலையாளத்திலும் அப்படியே தங்கிவிட்டது.

டச்சுக்காரர்கள் திருவிதாங்கூருக்கு விட்டுப்போனது அந்தச் சொல் ஒன்றை மட்டுமல்ல. 1741-ல் குளச்சலில் மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றபோது அவர்கள் பக்கம் பிடிபட்டவர்களில் ஒருவர் டி லனாய். பிடித்தவரிடமே வேலைக்குச் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, கோட்டைகளைப் பலப்படுத்தி, 1777-ல் உதயகிரிக் கோட்டையிலேயே அடக்கமானார். 'ஃபோர்ட்டே' என்ற சொல்லுக்கு உதாரணம் வேண்டுமென்றால் இவரைச் சொல்லலாம்: கோட்டை கட்டுவது அவருடைய ஃபோர்ட்டே.

ஆனால் கம்ஃபர்ட் ஸ்டேஷனுக்குச் சிரித்துவிட்டுப் போக முடியாத ஓர் அர்த்தமும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய ராணுவம் தன் சிப்பாய்களுக்காக நடத்திய விடுதிகளுக்கு ஆங்கில வரலாற்றுப் புத்தகங்களில் வழங்கும் பெயர் இதே 'கம்ஃபர்ட் ஸ்டேஷன்'. ஜப்பானியச் சொல்லின் நேர் மொழிபெயர்ப்பு. கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் பெண்களை ஏமாற்றியும் இழுத்துவந்தும் அங்கே அடைத்தார்கள். அவர்களுக்குப் பெயர் 'கம்ஃபர்ட் விமன்'. தமிழர்கள் நிறையப் பேர் வாழ்ந்த சிங்கப்பூரிலும் மலாயாவிலும் அந்த விடுதிகள் இருந்தன. போர் முடிந்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு யாரும் வாய் திறக்கவில்லை. 1991 ஆகஸ்டில் தென்கொரியாவின் கிம் ஹாக்-சுன் தன் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் வெளியே வந்து பேசினார். 1993-ல் ஜப்பானிய அரசு, ராணுவத்துக்கு அதில் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டது. ஆறுதல் யாருக்கு என்ற கேள்வியை அந்தக் கூட்டுச்சொல் கேட்கவே விடுவதில்லை. பெண்ணைச் சுட்டும் சொல்லுக்குள் பெண்ணின் பங்கே இல்லை. இடக்கரடக்கல் என்று இலக்கணம் சொன்னது வெட்கத்தை மறைக்கும் திரையை. இங்கே மறைக்கப்பட்டது குற்றம்.

அந்த வரலாறு தெரிந்த ஒரு கொரியப் பெண் கேரளத்துக்குச் சுற்றுலா வந்து, பஸ் நிலையத்தில் தலைக்கு மேல் அந்தப் பெயரைப் பார்த்தால் ஒரு கணமாவது திகைக்கமாட்டாரா? போர்டு எழுதியவருக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. சொல்லை அமெரிக்காவிலிருந்து வாங்கினார். அது போகும் வழியில் வேறெங்கே தங்கியது என்று யார் விசாரிக்கிறார்கள்?

கிழக்கேகோட்டையில் படிக்கக் கிடைக்கும் ஆங்கிலம் இத்தோடு முடிவதில்லை. பஸ்களின் நெற்றியைப் பார்த்தால் இன்னொரு குடும்பம் ஆரம்பிக்கிறது: 'ஃபாஸ்ட் பாசஞ்சர்', 'சூப்பர் ஃபாஸ்ட்', 'லிமிடெட் ஸ்டாப்'. அகராதிப்படி பாசஞ்சர் என்றால் பயணி. நம் ரயில்வே புண்ணியத்தில் பாசஞ்சர் என்றால் எல்லா ஊரிலும் நின்று நின்று போகும் வண்டி. அதற்கு முன்னால் ஃபாஸ்ட்டைப் போட்டால் 'வேகமான மெதுவண்டி'. ரயில்வேயின் கணக்கில் சூப்பர்ஃபாஸ்ட் ஆக அகலப் பாதையில் மணிக்குச் சராசரி 55 கி.மீ. போதும். சொல்லின் வேகம் வண்டியைவிட அதிகம். 2021-ல் ஆரம்பித்த 'சிட்டி சர்க்குலர்' பஸ்களும் உண்டு. தலைமைச் செயலக ஊழியர்கள் நிறைந்த இந்த ஊரில் சர்க்குலர் என்றால் மேஜைக்கு வரும் சுற்றறிக்கை என்றுதான் வெகுகாலம் அர்த்தம். இரண்டும் சுற்றத்தான் செய்கின்றன. பஸ் சீக்கிரம் திரும்பிவிடும்.

'ஃபாஸ்ட்' ஆதியில் வேகம் அல்ல, அசையாத உறுதி. அதனால்தான் அசையாமல் கட்டினால் 'ஃபாஸன்'. உலுக்கினாலும் எழாத தூக்கம் 'ஃபாஸ்ட் அஸ்லீப்'. சாயம் போகாத துணிக்குச் சாலைக் கடைக்காரர் சொல்வது 'ஃபாஸ்ட் கலர்'. வாடிக்கையாளர் சாயம் ஓடிவிடும் என்று தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. 'ஃபாஸ்ட்னஸ்' என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் வேகம் என்றுதான் எழுதுவார்கள். சரியான விடை, பகைவர் நெருங்க முடியாத அரண். அதாவது கோட்டை! ஈஸ்ட் ஃபோர்ட்டில் நிற்கும் ஃபாஸ்ட் பாசஞ்சரின் நெற்றியிலும் ஒரு கோட்டை ஒளிந்திருக்கிறது. கோட்டையைத் தேடி ஏமாந்த வெளியூர்க்காரரிடம் யாராவது இதைச் சொல்லலாம்.

உறுதியாக இருப்பதிலிருந்து, சாப்பிடுவதில்லை என்று உறுதியாக இருப்பதற்கும் அதே சொல் போயிற்று. உண்ணாநோன்பு ஃபாஸ்ட், அதை முறிப்பது பிரேக்ஃபாஸ்ட். நேற்று இரவு பத்து மணிக்குப் பரோட்டா சாப்பிட்டவரும் காலையில் பிரேக்ஃபாஸ்ட்தான் சாப்பிடுகிறார். கோட்டைக்ககத்து அக்ரஹாரங்களில் ஏகாதசி இருந்து துவாதசி காலையில் பாரணை செய்பவர்களுக்கு அந்தச் சொல்லின் நிஜமான பொருள் தெரியும். நோன்பு திறக்கும் முஸ்லிம் வீடுகளிலும் தெரியும். மலேசியத் தமிழர் 'பசியாறியாச்சா?' என்று கேட்பதும் கிட்டத்தட்ட அதுவே.

இங்கே தமிழ் ஓர் ஆச்சரியத்தை வைத்திருக்கிறது. நோல் என்றால் பொறுத்துக்கொள். அதிலிருந்து நோன்பு. நோன்மை என்றால் பொறுமை, வலிமை இரண்டும். பட்டினி கிடப்பதையும் அசையாமல் நிற்பதையும் ஒரே வேரில் முடிச்சுப் போட வேண்டும் என்று ஆங்கிலேயருக்கும் தமிழருக்கும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. ஒருவரிடமிருந்து மற்றவர் வாங்கியதல்ல. 'ஃபாஸ்ட்' என்ற சொல்லை இந்த வழியாகச் சொல்லிக்கொடுத்தால் எந்தக் கிராமத்துப் பிள்ளையும் மறக்கமாட்டான். ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகளில் இதை எப்படிச் சொல்வது?

ஃபோர்ட், ஃபாஸ்ட், கம்ஃபர்ட் மூன்றும் ஒன்றாக வந்து நிற்கும் நாள் ஒன்று உண்டு. மாசியில் வரும் ஆற்றுக்கால் பொங்கல். கிழக்கேகோட்டையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கிறது ஆற்றுக்கால் பகவதி கோயில். அம்மன் கண்ணகியே என்பது நம்பிக்கை. 1997-ல் 15 லட்சம் பெண்கள், 2009-ல் 25 லட்சம் பெண்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறிய கூட்டம். கோயிலைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் தெருவெல்லாம் செங்கல் அடுப்பு. கோட்டை வாசலிலும் பஸ்கள் நிற்கும் இடத்திலும் பானைகள். கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். இடம் பிடிக்க முந்தின நாளே வந்துவிடுபவர்கள் ஏராளம். விரதம் இருந்து, வெயிலில் புகையில் நின்று, அரிசி பொங்கி, நைவேத்தியம் தெளித்த பிறகுதான் வாயில் ஏதாவது போடுவார்கள். நோன்மை என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆண்களுக்கு அன்று அந்தத் தெருக்களில் அதிக வேலை கிடையாது. தண்ணீர் கொடுப்பார்கள், வழி சொல்வார்கள். வழி கேட்பவர்களில் பலரும் கேட்பது அம்மன் கோயிலை அல்ல. வயதான பெண்கள், கைக்குழந்தைக்காரிகள், சர்க்கரை வியாதிக்காரர்கள். பல மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுவதுதான் இதற்கு நம் பெண்கள் பரம்பரையாகக் கண்டுபிடித்து வைத்திருக்கும் தீர்வு. அதன் விலையைச் சிறுநீரகம் கொடுக்கிறது. விரதத்தில் அதையும் சேர்த்துக் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கூட்டத்துக்கு நடுவே 'கம்ஃபர்ட் ஸ்டேஷன்' என்று மலையாள எழுத்தில் ஒரு போர்டு இருந்தால், அம்பாசமுத்திரத்திலிருந்து வந்த பாட்டிக்கு அது ஒரு சுவர் விளம்பரம்.

'கழிப்பிடம்' என்று தமிழில் ஒரு வரி எழுதலாம். அதற்கும் வழியில்லையென்றால் பாவாடை கட்டிய ஓர் உருவம், கட்டாத ஓர் உருவம் வரைந்தால் போதும். உலகம் முழுக்க விமான நிலையங்கள் அதைத்தான் செய்கின்றன. புடவை கட்டியவர்களும் அந்தப் பாவாடைக்காரியைத் தாங்கள்தான் என்று கண்டுகொள்கிறார்கள். ஆங்கிலம்தான் வேண்டும் என்றாலும் வேறு சொல்லுக்குப் பஞ்சமில்லை. 'பாத்ரூம்' இருக்கிறது. பாத் என்றால் குளியல், ரூம் என்றால் அறை. பஸ் நிலையத்துப் பாத்ரூமில் யாரும் குளிப்பதில்லை, குளிக்க வசதியும் கிடையாது. உடைத்துப் பார்த்தால் அதுவும் தப்பான சொல்தான். ஆனால் எந்த அலுவலகமும் சர்க்குலர் போட்டு அதைப் பரப்பவில்லை; ஜனங்களே எடுத்துக்கொண்டார்கள். நாகர்கோவிலிலிருந்து காசர்கோடு வரை ஆட்டோக்காரர், டீக்கடைக்காரர், பூக்காரி யாரிடம் கேட்டாலும் புரிகிறது.

தோவாளைப் பெண்ணும் கடைசியில் அதைத்தான் செய்வார். போர்டை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடையில் வெற்றிலை அடுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் குரலைத் தாழ்த்தி, 'சேச்சி, பாத்ரூம் எங்கே?' என்பார். அந்த அம்மா வெற்றிலையை வைக்காமலேயே, அவர் இவ்வளவு நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த போர்டைக் கைகாட்டுவார்.